நெய் மணந்த சனிக்கிழமைகள்

என் புருஷனின் சட்டையில் நெய் மணந்ததை நான் முதலில் கவனித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைக்கிற கல்லின் மேல். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். எங்கள் வீட்டில் நெய் கிடையாது. நல்லெண்ணெயே தீபாவளிக்குத்தான். யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியும் ரேஷன் போகவில்லை. கார்டுக்குக் கிடைத்த அரிசி வாரத்தில் நாலு நாளைக்குக் காணும். மிச்ச நாளைக்கு மைலோ என்று ஒரு சிவப்புச் சோளத்தைப் போட்டார்கள். எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் வேகாது, பல்லுக்கடியில் மணல் மாதிரி நிற்கும். அப்படிப்பட்ட வீட்டுச் சட்டையின் வலது கை விளிம்பில் மஞ்சளாக ஒரு கறை. ஒர்க்ஷாப் கிரீஸ் எனக்குத் தெரியும், அது கறுப்பு. இதை முகர்ந்து பார்த்தேன். நெய்தான், சந்தேகமே இல்லை.

ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, நாலு பேர். அவர் துறைமுகத்தில் ஃபிட்டர். நாத்தனார் திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டி கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாள், இன்னும் கல்யாணமாகவில்லை. மாமியார் வீட்டை ஆண்டார். நான் எர்ணாவூரிலிருந்து வந்தவள், ஆளப்பட்டேன்.

மாமியாரால் யாரையும் நம்ப முடியாது. அவர் புருஷன் குடித்தே செத்தவர். மதுவிலக்கு வந்தபோது ஊரில் எத்தனையோ பெண்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். மாமியார் மட்டும், "கட மூடிட்டா குடி மூடிடுமா?" என்றார். மகன் வேலையிலிருந்து வந்ததும் வாசற்படியிலேயே நிறுத்தி, "வாயத் தொற" என்பார். அவரும் ஆறு வயசுப் பிள்ளை மாதிரி திறப்பார். மாமியார் முகர்ந்துவிட்டு, "ம், போ" என்ற பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம்.

ஓட்டல்கள் மேலும் அவருக்கு அதே சந்தேகம். காபி கிளப்பில் தருவது காபி அல்ல, வறுத்த புளியங்கொட்டை. சாம்பாரில் சோடா உப்பு. மிலிடரி ஓட்டல் கறி என்ன கறி என்று அதைப் போடுகிறவனுக்கே தெரியாது. "ரேஷன்ல நமக்கே அரிசி இல்ல, ஓட்டல்காரனுக்கு மட்டும் எங்கேந்துடி வருது? வூட்டுல சோறு கீறவன் ஓட்டல்ல போய் துன்னா அவன் திருடன்" என்பார். அந்த வீட்டில் யாரும் ஓட்டல் படி ஏறியதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை என் புருஷனுக்கு அரை நாள் வேலை. ஆனால் வீட்டுக்கு வர விளக்கு வைத்து ஏழு மணி ஆகும். ஓவர்டைம் என்பார். வந்ததும், "எனக்கு வயிறு சரியில்ல, என் சோத்த தங்கச்சிக்குப் போடு" என்பார். சனிக்கிழமை அரிசிச் சோறு போடுகிற நாள். அதை விட்டுக்கொடுக்கிற மனுஷனை நினைத்து எனக்கு உள்ளூரப் பெருமை. நெய்க் கறையைப் பார்த்த அன்றோடு அந்தப் பெருமை போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டையில் பட்டை, கிராம்பு. அதற்கடுத்த வாரம் ஏலக்காய். நாலாவது வாரம் ரோஜா. நெய்யையும் ஏலக்காயையும் எப்படியாவது நியாயப்படுத்திவிடலாம், ரோஜாவை என்ன சொல்வது? சட்டைப் பைக்குள், ஈர்க்கால் தைத்த சாப்பாட்டு மந்தாரை இலையின் துண்டு ஒன்றும் கிடந்தது. யாரோ ஒருத்தி இலை போட்டு, நெய் ஊற்றிப் பரிமாறுகிறாள், தலையில் ரோஜா வைத்திருக்கிறாள். ஒரு வாரத்துக்குள் அவளுடைய மூக்குத்தி வரைக்கும் என் மனசில் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் காசிமேட்டு மீனைத் தெருத்தெருவாக விற்கும் ஒரு அக்கா இருந்தாள். ஊர் முழுக்க நடக்கிறவள். அவளிடம் மட்டும் சொன்னேன்.

"வாயில வாசன கீதா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. அத்த தினம் மோந்து பாக்கறாங்க."

"அப்ப குடி இல்ல. குடியும் இல்லாம ஏழு மணி வரைக்கும் ஒரு ஆம்பள எங்க கீறான்? கேட்டா பீலா உடுவான். நீயே பின்னாடி போய்ப் பாரு."

திருவொற்றியூர் கோயிலுக்கு வேண்டுதல், ஒன்பது சனிக்கிழமை போக வேண்டும் என்று மாமியாரிடம் சொன்னேன். என்ன வேண்டுதல் என்று அவர் கேட்கவில்லை. எட்டு மாதமாகியும் வயிற்றில் ஒன்றுமில்லாத மருமகளுக்கு வேறென்ன வேண்டுதல் இருக்கும்? "போய்ட்டு வா" என்றார்.

மத்தியானம் ஒர்க்ஷாப் சங்கு ஊதியபோது நான் டிராம் நிற்கிற இடத்தில் ஒரு வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் வந்தார். முகம் கழுவி, தலை வாரி, நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். டிராமில் முன்பக்கம் ஏறினார். நான் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு பின்பக்கம் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். இறங்கியதும் யானைக்கவுனிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். வீட்டில் அவர் கால் இழுத்து நடப்பார், எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த கால். இங்கே மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

ஒரு மார்வாடி கடையில் அகலமான இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. அங்கே நின்று மண் குவளையில் பால் வாங்கிக் கண்ணை மூடிக் குடித்தார். கொஞ்ச தூரம் போய் இன்னொரு கடையில் மந்தாரை இலையில் ஜிலேபி. தின்றுவிட்டு விரலைச் சட்டைக் கையில் துடைத்தார். பிறகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, குறுகலான ஒரு வாசலுக்குள் நுழைந்து படியேறினார்.

மேலே அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் ஒரு கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வளையல். ஒரு துணியை உதறிவிட்டு உள்ளே போயிற்று.

வாசலில் கட்டியிருந்த ஒரு பசுமாட்டோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. பார்க்காமலே இருந்துவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துவிடலாம் அல்லவா? ஆனால் ரோஜா ஞாபகம் வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினேன்.

மேலே நீளமான கூடம். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், கடை குமாஸ்தாக்கள் போலத் தெரிந்தார்கள், தரையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் புருஷன், பித்தளைத் தட்டுக்கு முன்னால், கன்னம் உப்ப. ஜன்னலில் பார்த்த வளையல்காரி அடுப்புக்கும் தட்டுகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். என் அம்மா வயசு இருக்கும். உப்பிய ரொட்டி ஒன்றை அவர் தட்டில் போட்டு அதன் தலையில் ஒரு கரண்டி நெய்யை விட்டாள்.

"யாருய்யா இவ?" என்று கத்தினேன்.

அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். அவருக்கு வாய் நிறைய ரொட்டி, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"இது மெஸ்ஸுதான்மே" என்றார் கடைசியில்.

"மெஸ்ல பொம்பள இன்னா பண்றா?"

"ரொட்டி சுடறா."

வளையல்காரிக்கு நாங்கள் பேசிய ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் எல்லாம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து அடுப்பருகே இழுத்துப்போய் ஒரு பலகையில் உட்காரவைத்து எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். வேண்டாம் என்றேன். ரொட்டி விழுந்தது. நெய் விழுந்தது. மாமியார் சொன்னதெல்லாம் ஞாபகம் வர, ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணெயா, நெய்யா, எந்த மாவு, எவன் பிசைந்தானோ. பிறகு ஒரு வாய் கிள்ளிப் போட்டேன்.

அந்த ஒரு வாய்க்குத்தான் எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. அவ்வளவு நன்றாக இருந்தது.

திரும்பும்போது தெருவில் வைத்தே கேட்டுவிட்டேன். "ஒருத்தி இருந்திருந்தாகூட அழுதுட்டுப் போயிருப்பேன்யா. இன்னாய்யா இது? அங்க உன் தங்கச்சியும் அம்மாவும் மைலோவ மென்னுகினு கீறாங்க. நீ இங்க பாலு, ஜிலேபி, நெய் ரொட்டி!"

"அதுக்குத்தான் என் சோத்த குடுத்துடறேனே" என்றார், வெகு மெதுவாக.

ஒரு சுவரோரம் நின்று அவர் சொன்ன கதை இது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரைக் காலி பண்ணச் சொன்ன வருஷம். மாமியாரும் நாத்தனாரும் அரக்கோணம் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒர்க்ஷாப் ஆட்களைப் போக விடவில்லை. அவருக்கு அப்போது பத்தொன்பது வயசு. ராயபுரம் முதல் பாரிமுனை வரைக்கும் ஒரு கடை திறந்திருக்கவில்லை. மூணு வாரம் பொரியும் வெல்லமும் தண்ணீரும். மூடிக் கிடந்த ஓட்டல் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே தெருத்தெருவாக நடப்பாராம். "இதெல்லாம் மறுபடி தொறந்தா, ஒண்ணு உடாம உள்ள போய் குந்தி ஒரு வேள துன்னுடணும்னு நெனச்சேன்மே. அவ்ளோதான். இன்னும் முடியல."

மெஸ்ஸில் அவருக்கு இடம் கிடைத்ததே, அவர்களுடைய தண்ணீர் பம்பை ஒருமுறை பழுது பார்த்ததனால்தான் என்றார். ரோஜா? அது ஒரு மிட்டாய்க் கடையில் பாகில் ஊற்றுகிற பன்னீர்.

அந்த யுத்தகாலக் கதையை நான் நம்பினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து, ஏதோ பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி மாமியாரிடம் கேட்டேன்: "அத்தே, ஊரக் காலி பண்ணப்போ உங்க புள்ள எங்க துன்னாரு?"

"அவனா? ஒர்க்ஷாப்புலயே வெள்ளக்காரன் சோறு போட்டான். நாங்க திரும்பி வந்தப்போ தடியா இருந்தான்" என்றார்.

இதை அவரிடம் சொன்னபோது, "அம்மாவுக்கு இன்னா தெரியும்? அவங்கதான் ஊர்லயே இல்லியே" என்றார். அதுவும் சரிதான். யார் சொன்னது நிஜம் என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் அன்று அந்தச் சுவரோரம் நின்றபடியே ஒன்று சொல்லிவிட்டேன். "அடுத்த சனிக்கெழம நானும் வருவேன். இல்லன்னா அத்த கையில சொல்லிடுவேன்." எனக்கு இன்னும் எட்டுச் சனிக்கிழமை வேண்டுதல் பாக்கி இருந்தது.

வேண்டுதலுக்கு அவரும் கூட வருகிறார் என்று வீட்டில் சொல்லிவிட்டோம். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் திருடர்கள் ஆனோம். துறைமுகத்துக்கு எதிரே ஒரு மிலிடரி ஓட்டலில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு என்று திரை போட்ட அறை ஒன்று இருந்தது. உள்ளே உட்கார்ந்ததும் வெளியே யார் குரல் கேட்டாலும் எனக்குத் தெரிந்தவர்கள் குரலாகவே இருக்கும். முதல் தடவை வந்த குழம்பில் எலும்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஆராய்ந்தேன்.

"ஆடுதானே?"

"ஆடுதான்மே."

"உனக்கு எப்டி தெரியும்?"

"துன்னு பாரு, தெரியும்."

தின்றேன், ஆடுதான். இருந்தாலும் அடுத்த எலும்பையும் பார்த்துவிட்டுத்தான் தின்றேன். ஆப்பத்தோடு பாயா தின்றோம். பர்மாவிலிருந்து யுத்தத்துக்குப் பயந்து நடந்தே வந்த ஒருவர் மண்ணடிப் பக்கம் வைத்திருந்த கடையில் பிரியாணி தின்றோம். அத்தனை அரிசி! ஒரு தேக்சா நிறைய, ஒவ்வொன்றும் தனித்தனியாக, வெள்ளையும் மஞ்சளுமாக. கள்ள மார்க்கெட்டு அரிசி இல்லாமல் இது எப்படி முடியும்? போலீஸ் வந்தால் தின்கிறவர்களையும் பிடிப்பார்களா? கதவைப் பார்த்தபடியே தின்றேன். தட்டில் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கொத்தவால் சாவடி. செங்குன்றம், பொன்னேரிப் பக்கத்துக் குடியானவர்கள் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள். கீரைக்கட்டு, பூசணி, கொய்யா, சேறு காயாத கிழங்கு. அங்கே சந்தேகப்படுவது தப்பில்லை, அதுதான் அங்கே மரியாதை. வெள்ளரிப் பிஞ்சை முறித்துப் பார்க்கலாம், பழத்தை முகர்ந்து பார்க்கலாம், கீறிக் காட்டச் சொல்லலாம், கசக்கிறது என்று திருப்பி வைக்கலாம். "இன்னாம்மா, பொண்ணா பாக்க வந்தே?" என்று ஒருவன் கேட்டான். மாமியாரிடம் இத்தனை மாதம் பழகியதற்கு அங்கே பலன் இருந்தது, என்னை ஒருத்தனும் ஏமாற்ற முடியவில்லை.

அங்கேதான் தப்பும் செய்தேன். ஒரு காலிஃபிளவரைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். வீட்டில் கொண்டுவந்து வைத்ததும் மாமியார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏதுடி இது?"

"கோயிலாண்ட ஒருத்தி வித்துகினு இருந்தா அத்தே."

"திருவொத்தியூர்ல எவடி இந்தப் பூவ விக்கிறா? வெள்ளக்காரன் துன்றது இது." என் கையைப் பார்த்துவிட்டு, "துன்னூறு எங்க?" என்றார். "கோயிலுக்குப் போனவ கையில துன்னூறு எங்க?"

அன்றைக்கு, திருநீறு கூட்டத்தில் கொட்டிவிட்டது என்று சமாளித்தேன். அடுத்த வாரத்திலிருந்து அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேதான் கிளம்புவேன். சாமி என்னை மன்னிக்கட்டும். மாமியார் அதைத்தான் பக்தியோடு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

இப்போது படியில் நிறுத்துவது இரண்டு பேரையும். "வாயத் தொற" என்று என்னிடமும் சொல்ல ஆரம்பித்தார். வரும் வழியில் என் புருஷன் வெற்றிலை வாங்கித் தருவார், மென்றுகொண்டே வருவோம். நாத்தனார் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவள் பார்வை எனக்கு மாமியார் மூக்கைவிடப் பயமாக இருந்தது. சனிக்கிழமை ராத்திரிச் சோற்றை நானும் வேண்டாம் என்று சொல்ல, அவள் தட்டில் மூணு பேர் சோறு சேர்ந்தது. அவளோ கொஞ்சமும் சதை போடவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

சதை போட்டது எனக்குத்தான். கன்னம் பளபளத்தது, ரவிக்கை இறுகியது. ஒருநாள் மாமியார் என்னைக் கூப்பிட்டு, தன் பங்கு அரிசிச் சோற்றை என் தட்டில் தள்ளினார்.

"துன்னு. ரெண்டு உசுரு."

சோற்றைத் திருப்பித் தள்ளப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதா? சனிக்கெழமயானா சோறு வாணாங்கறே, வெத்தல மெல்றே, மொகம் மினுங்குது. சாமி கண்ணத் தொறந்துடுச்சு."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அப்புறம் ஏன் சோறு வேண்டாம், ஏன் வெற்றிலை என்று எல்லாம் அவிழ்ந்துவிடும். பத்து நாள் அவர் தன் சோற்றை எனக்குப் போட்டுவிட்டு மைலோக் கஞ்சியைக் குடித்தார். குடத்தைத் தூக்க விடவில்லை. மீன்காரக்காவிடம் சொல்லி நல்ல கெளுத்தி மீனாகப் பார்த்து வாங்கிக் குழம்பு வைத்தார். எத்தனை ஓட்டலில் தின்றிருக்கிறேன், அந்தப் பத்து நாள் சோறு மாதிரி எதுவும் தொண்டையில் நின்றதில்லை. பதினோராம் நாள் நான் தலைக்குக் குளித்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தேன். மாமியார் பார்த்தார். மூணு நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் நான் அடுப்படிக்கு வந்ததும் கேட்டார்:

"அப்ப ஏன்டி சோறு வாணாம்னே?"

அடுப்பை ஊதினேன். புகை கண்ணுக்கு நல்லதாகப் போயிற்று.

அதற்கப்புறம் ஒரு மாதம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. வேண்டுதல் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவரும் சனிக்கிழமை நேரே வீட்டுக்கு வந்தார், மைலோவை மென்றார். மாமியாருக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. நாத்தனார் என்னவோ வாடிப்போனாள். சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் வீட்டில் இருப்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

வருஷக் கடைசியில் சென்ட்ரலுக்குப் பக்கத்துப் பார்க்கில் எக்ஸிபிஷன் போட்டார்கள். அவர் ஒர்க்ஷாப்பில் எல்லோரும் அதே பேச்சு. எந்தெந்த ஊர்ச் சாப்பாடோ வந்திருக்கிறதாம், கொட்டகை கொட்டகையாகப் போட்டிருக்கிறார்களாம். ஒரு வாரம் பொறுத்தோம். அப்புறம் எர்ணாவூரில் என் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னோம். வழக்கமாகத் துருவிக் கேட்கிற மாமியார் அன்று கேட்கவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க. நாங்களும் வியாசர்பாடியில ஒரு துக்கம் விசாரிக்கப் போணும்" என்றார்.

பார்க் வாசலிலேயே எண்ணெய் காயும் வாசனை. உள்ளே விளக்குத் தோரணம், ராட்டினம், கூட்டம். பிரிவினையில் வீடு வாசலை விட்டு வடக்கேயிருந்து வந்த குடும்பம் ஒன்று கொட்டகை போட்டிருந்தது. அங்கே ஒரு பூரி, தட்டையே மூடுகிற அளவு. கொண்டைக்கடலைக் குழம்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போனார். போனவர் சட்டென்று நின்றுவிட்டார். நான் அவர் முதுகில் மோதினேன்.

பெஞ்சில் மாமியாரும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் பூரியை இரண்டு கையாலும் தூக்கி, நடுவில் கிழித்து, உள்ளே முகர்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

நாத்தனார் முகம் வெளுத்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மாமியார்தான் முதலில் பேசினார். "உங்க அப்பனுக்குக் காச்சல் எப்டி கீது?"

"பரவால்ல அத்தே" என்றேன். நானும் கேட்டேன்: "துக்கம் விசாரிச்சாச்சா?"

மாமியார் கிழித்த பூரியைப் பார்த்தார். "குந்து" என்றார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். குற்றவாளிகள் ஒருவரையொருவர் விசாரிக்கிற மாதிரி விசாரணை நடந்தது. எங்களுடையதைச் சொன்னோம். அப்புறம் நாத்தனார் வாயைத் திறந்தாள். "நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்குன்னு கெளம்பினா, நாங்க மட்டும் அந்தச் சோளத்த கிண்டிகினு குந்தியிருக்கணுமா அண்ணி?" கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண்கள் எங்கெங்கே என்னென்ன நன்றாக இருக்கும் என்று சொல்வார்களாம். முதலில் காலடிப்பேட்டையில் ஆப்பம். அப்புறம் முகத்துவாரக்குப்பத்தில் ஒருத்தி சுடச்சுட விற்கிற வறுத்த மீன். அவளுடைய சம்பளத்தில், நாங்கள் திரும்புவதற்குள் போய்விட்டு வந்துவிடுவார்களாம்.

"அப்ப அந்த மூணு பேர் சோறு?" என்றார் என் புருஷன்.

"மீன்காரக்கா வூட்டுக்கு. நீங்க ரெண்டு பேரும் கை கால் அலம்பப் போவீங்க இல்ல, அப்ப சொவரு மேல குடுத்துடுவேன்."

ஆக அந்த அக்காவுக்கு இரண்டு பக்கத்துக் கதையும் தெரியும். என்னிடம் ஒரு நாளும் மூச்சு விடவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அத்தே" என்றேன், "அந்தப் பத்து நாளு உங்க சோத்த எனக்குப் போட்டீங்களே. அப்பவும் வெளிய துன்னீங்களா?"

மாமியார் விரலைத் தட்டில் துடைத்தார். "அப்ப போவல. அந்த ஒரு சனிக்கெழமயும் போவல" என்றார். "அப்ப எதுக்குப் போவணும்? வூட்டுலதான் சந்தோசம் இருந்துதே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "ஆறுது, துன்னு" என்றார். பிறகு கொட்டகைக்காரர் பக்கம் திரும்பி, "எண்ணெ நேத்து எண்ணெ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று சத்தமாகச் சொன்னார். அந்த மனுஷருக்குத் தமிழ் தெரியாது. கைகூப்பிச் சிரித்தார், இன்னொரு பூரியைக் கொண்டுவந்து வைத்தார். மாமியார் அதையும் கிழித்து முகர்ந்துவிட்டுத் தின்றார்.

வெளியே வரும் வழியில் ஐஸ்கிரீம் விற்கும் கொட்டகை இருந்தது. நாங்கள் யாருமே அதுவரை தின்றதில்லை. மரக்கரண்டியால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்த மாமியார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளினார். "பல்லு போச்சு! இன்னாமோ கலந்திருக்கான்டா இதுல!" என்று கோப்பையை மகன் கையில் திணித்தார். அவர் ஒரு வாய் தின்றார். "ஒண்ணும் கலக்கலம்மா" என்றார். மாமியார் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார், மகன் கீழே விழுகிறானா என்று பார்ப்பதுபோல. விழவில்லை. கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கடைசித் துளி வரைக்கும் வழித்துத் தின்றார்.